இடது காலுக்கு நீல நாடா

அன்புள்ள மருமகளுக்கு, மாமா சொல்லி எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். நீயும் என் மகனும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

எழுதித் தருகிறவர் ஆஸ்பத்திரி மருந்துக் கடைக்காரர். நான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்றார். போனில் நீ அத்தையிடம், மாமா நல்லா இருக்காரா என்று கேட்பாய். இருக்கார் என்பாள். மூன்று வருடமாக நம் பேச்சு அவ்வளவுதான்.

அத்தைக்கு இப்போது காலை எட்டு மணிக்கே ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் கிடைத்துவிடுகிறது. முன்பு ஊருக்கே இரண்டு மெஷின்தான். சாயந்திரம் வரை பெஞ்சில் காத்திருந்து, முறை வராமலே இரண்டு தடவை திரும்பினோம். அந்த வாரம் அவள் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. போன மாதம் மூன்றாவது மெஷின் வந்தது. இப்போது மதியமே வீட்டுக்கு வந்து என்னைக் குறை சொல்லுகிற தெம்பு இருக்கிறது. நேற்று நான் வெங்காயம் நறுக்கியதைப் பார்த்து, ரோட்டுக்கு ஜல்லி உடைச்ச மாதிரி இருக்கு என்றாள். காதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

அந்த மெஷின் பக்கத்துச் சுவரில் ஒரு போட்டோ. பந்தயக் கோட்டில் நிற்கிறவர்களின் கால்கள் மட்டும். தூர தேசத்தில் ஒரு பெண் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி, அதற்காகப் பலரும் கொடுத்த பணத்தில் இதை வாங்கி அனுப்பினாளாம். பேரும் முகமும் போடக் கூடாது என்றாளாம். நர்ஸம்மா சொன்னார். முப்பத்தொரு வருடம் ரோடு ரோலர் ஓட்டியவன் நான். அவ்வளவு தூரத்தை அழுத்தி முடிக்க என் ரோலருக்கு இரண்டு மழைக்காலம் போய்விடும்.

அந்தப் போட்டோவுக்கு எதிரேதான் என் ஸ்டூல். ஒரு முறைக்கு நாலு மணி நேரம். அடியில் என்னவோ எழுதியிருக்கிறது, படிக்கத் தெரியாத எனக்கு அது வேலிக்கம்பி. அதனால் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு ஜோடி. வலது ஷூவில் வெள்ளை லேஸ். இடது ஷூவில் நீல நாடா.

அந்த நாடாவை எனக்குத் தெரியும், அம்மா. கல்யாணமாகி நீ வந்த மூன்றாம் நாள், உன் இடது ஷூ லேஸ் காணாமல் போனது. கட்டிலுக்கு அடியில் தேடினாய். நானும் மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். அத்தை தையல் பெட்டியிலிருந்து நீல நாடாவை எடுத்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்டு ஓடப் போய்விட்டாய்.

லேஸ் என் ஸ்பானர் பெட்டியில் இருந்தது. உருவியவன் நான்தான். அதற்கு முந்தின நாள் நீ ஓடியதைப் பார்த்து, உங்க மருமகளை யார் துரத்துறாங்க என்று டீக்கடைக்காரர் கேட்டார். எனக்கு மானம் போனது போல இருந்தது. நீ திரும்பி வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, "துரத்த ஆளில்லாம ஓடுற பொண்ணு இந்த வீட்டுக்கு வேணாம்" என்றேன். அன்று மாலையே இருவரும் லாட்ஜுக்குப் போய்விட்டீர்கள்.

ஓடியது நீதானா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். வாய் இல்லை என்றது, கண் ஆமாம் என்றது. அத்தையிடம் சொன்னால், "மெஷின் வந்த அன்னிக்கே தெரியும். நீங்க எத்தனை நாள்ல கண்டுபிடிக்கிறீங்கன்னு பார்த்தேன்" என்கிறாள். இருபத்திரண்டு நாள் ஆகியிருக்கிறது. லேஸ் விஷயம் மட்டும் அவளுக்குத் தெரியாது. சொன்னேன். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, "எழுதிப் போடுங்க. வாயால சொன்னா சமாளிச்சிடுவீங்க" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். லேஸை இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். மூன்று தடவை சோப்புப் போட்டும் கிரீஸ் போகவில்லை.

இந்த மூன்று வருடத்தில் எத்தனை ஷூ தேய்ந்திருக்கும். நாடாவை மட்டும் மாற்றி மாற்றிக் கோர்த்திருக்கிறாய். கோபத்திலா, அத்தையின் நினைவிலா என்று கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. அவள் காலில் செருப்பு நுழைகிறது, அம்மா. நான் கும்பிட்டுச் சொல்ல வேண்டியது அதுதான்.

அடுத்த மாதம் வருகிறீர்கள், இந்தத் தடவையும் லாட்ஜில் அறை சொல்லியாயிற்று என்று மகன் சொன்னான். அதை வேண்டாமென்று சொல்லிவிடச் சொல். நம் வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வரை நான் போட்ட ரோடுதான். இரண்டு இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, முன்னால் நடந்து காட்டுகிறேன். டீக்கடைக்காரர் மறுபடி கேட்டால், எங்களுக்காக ஓடுது என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் காலில் ஒரு கல் கூடக் குத்தாமல் இருக்கட்டும்.

நம் கேட் இன்னும் கீச்சென்று கத்துகிறது. முதல் தடவை ஓடப் போன அன்று, என் தூக்கம் கெடக் கூடாதென்று நீ அதைத் தூக்கிப் பிடித்து மெதுவாகத் திறந்தாய். நான் விழித்துத்தான் படுத்திருந்தேன். எண்ணெய் விடச் சொல்லி அத்தை நச்சரிக்கிறாள். விட மாட்டேன். விடிந்ததும் நீ அதைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
(கைநாட்டு)