நாலு இட்லி என்று எழுதிய தாள்

மஞ்சக்குப்பம், கடலூர்
தை பிறக்க நாலு நாள்

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மழை விட்டுத் துணி ஒரே நாளில் காய்கிறது, என் முழங்கால் வலியும் முன்னைக்குக் குறைவு. கிளாஸ்கோவில் நீயும் அந்தக் குளிருக்கு நடுவே உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க நடராஜர் துணை. ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறோமே, இவள் எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அம்மா என்று கத்துவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான். அப்பா தினமும் காலையில் மைதானத்தை நாலு சுற்று சுற்றுகிறார், அதில் இரண்டு சுற்று நடை, இரண்டு சுற்று அரட்டை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆண்டி வந்தான், உன் அறைச் சுவரில் நீ பென்சிலால் போட்ட கணக்கையும் சேர்த்து அடித்துவிட்டான், அதற்கு அவனிடம் சண்டை போட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. போன ஆனி மாதத்திலிருந்து நான் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், உடம்பு இளைக்கிற ஊசி மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறேன். நீ அங்கே ஆராய்ச்சிக்குப் பார்க்கிற மருந்து இல்லை, வேறு மருந்து. அண்ணாமலை நகரில் இருக்கும் என் சிநேகிதி ராஜாமணிதான் இப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாள். முழங்கால் ஒரு காரணம். இன்னொரு காரணம் நீ. உன் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று யார் கேட்டாலும் மருந்துக் கம்பெனி மாதிரி என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பெற்றவளுக்கே தெரியாத வேலையா, போய்த்தான் பார்ப்போமே என்று போய்விட்டேன். உன்னிடம் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாய் என்று சொல்லவில்லை, அது முதல் தப்பு.

வாரம் ஒரு ஊசி, வயிற்றில் நானே போட்டுக்கொள்வது. பேனா மாதிரி இருக்கிறது, ஃபிரிட்ஜில் பாலுக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவே வைத்திருக்கிறேன். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத தண்ணீர், யாருக்கு எது என்று போட்டுக்கொள்கிறவளுக்கும் தெரியாது கொடுக்கிறவளுக்கும் தெரியாது. இதைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இதுக்குத்தான் நம்ம பொண்ணு அவ்ளோ தூரம் போயி படிச்சிச்சா என்று கேட்டார். மாதம் ஒரு தரம் பஸ் ஏறிப் போய் எடை பார்த்து, ரத்தம் கொடுத்து, சாப்பாட்டுக் குறிப்பு நோட்டைக் காட்டிவிட்டு வர வேண்டும். அங்கே எல்லாவற்றையும் எழுதுகிற பெண் சத்யப்பிரியா. குறிஞ்சிப்பாடிப் பிள்ளை, உன்னைவிட நாலு வயது சின்னவள், உன்னை மாதிரியே பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறாள். முதல் மாதம் நான் ஒரு கிலோ குறைந்திருந்தேன், அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சூப்பர் ஆன்ட்டி, உங்கள மாதிரி கரெக்டா வர்றவுங்க யாருமே இல்ல என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உன் அம்மா முப்பத்தொரு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் என்பது உனக்குத் தெரியும். பார்வைக்கு ஆள் வருகிற நாளில் சாம்பாரில் காய் கூடுதலாக விழும், அரிசியை இரண்டு தரம் கூடுதலாகக் களைவோம். யாரையும் ஏமாற்ற இல்லை, வந்தவர் மனம் குளிர்ந்து போக வேண்டும், அவ்வளவுதான். அந்தப் புத்தி என்னை விட்டு எங்கே போகும்? இரண்டாம் மாதம் சிதம்பரம் போவதற்கு முன் இரண்டு நாள் நான் சாப்பிடவே இல்லை. நீர்மோர் மட்டும். அப்பாவிடம் பெருமாளுக்கு விரதம் என்றேன். எடை நன்றாக இறங்கியது, சத்யப்பிரியா கைதட்டினாள். மாதாமாதம் அதையே செய்தேன். நோட்டில் மட்டும் இட்லி, சோறு, கீரை என்று ஒழுங்காக எழுதிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள் எடை மெஷினில் ஏறி நின்றவள் கண் இருட்டிக்கொண்டு வந்து அந்தப் பெண் தோளைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். பயப்படாதே, அரை மணி நேரம் குளுக்கோஸ் ஏற்றினார்கள், எழுந்துவிட்டேன். அவள் பதறிப்போய் காலையில என்னா சாப்டீங்க ஆன்ட்டி என்று கேட்டாள். வாய் கூசாமல் நாலு இட்லி என்றேன். அதை அப்படியே எழுதினாள். நன்றாகச் சாப்பிட்டும் மயக்கம், அப்படியானால் ஊசியால் வந்த கோளாறாக இருக்கலாம் என்று ஒரு தனித் தாள் போட்டார்கள். என் ஊசியை நிறுத்தி வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு டாக்டர் போன் பண்ணி விசாரித்தார், அவரிடமும் அதே நாலு இட்லிதான். இந்தத் தாள் எங்கே போகும் என்று சத்யப்பிரியாவிடம் கேட்டேன். எல்லா ஊரு பேப்பரும் வெளிநாட்டுக்குப் போவும் ஆன்ட்டி, அங்க ஒருத்தவுங்க ஒண்ணொண்ணா படிச்சிப் பாப்பாங்க, இந்த மாதிரி ஜாஸ்தி வந்தா மருந்தோட டோசையே மாத்திடுவாங்க என்றாள்.

வெளிநாட்டில் உட்கார்ந்து ஒன்றொன்றாகப் படிக்கிறவள் யார் என்று எனக்குத் தெரியுமே, உன் வேலையும் அதுதானே. திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு உன் முகம்தான். கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு, காபியை ஆறவிட்டுக்கொண்டு, நாலு இட்லி என்று என்னை மாதிரி ஒருத்தி சொன்னதை நம்பி நீ தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. உன் பிழைப்பே அந்தத் தாளில் இருப்பது நிஜம் என்று நம்புவதுதானே. அதில் போய் மண்ணைப் போட்டேனே என்று அழுதுவிட்டேன் கண்ணு. பக்கத்து சீட்டு அம்மா யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அப்பாவிடம் சொன்னேன். பட்டினி கிடந்ததற்குக்கூட அவர் கோபிக்கவில்லை, பெருமாள் பேரைச் சொன்னதற்குத்தான் கோபம், ஏனென்றால் என் பக்தியைப் பற்றி மைதானம் முழுக்கப் பெருமை அடித்திருக்கிறார். மறுநாளே துணைக்கு வந்தார், சத்யப்பிரியா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். விரட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தாளைக்கூடத் தொடவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு எதுனா ஆயிருந்தா அந்த அக்காவுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன் என்றாள். உன்னைப் பற்றி அவளிடம் அவ்வளவு பேசியிருக்கிறேன். அப்புறம்தான் தாளை எடுத்தாள். நாலு இட்லி என்பதைக் கிறுக்கி அழிக்கவில்லை, எழுத்து தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இரண்டு நாள் பட்டினி என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். உனக்கு இது தினப்படி வேலை, எனக்குப் புதுசு. பெரிய டாக்டர் அரை மணி நேரம் திட்டினார், வாங்கிக்கொண்டேன். இதுவரை இறங்கியதில் மருந்து எவ்வளவு, பட்டினி எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாதாம். ஆனாலும் விலக்கவில்லை, ஊசியைத் திரும்பக் கொடுத்தார்கள். மார்கழியில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனேன், இரண்டு கிலோ ஏறியிருந்தது. அதையும் அதே சிரிப்போடுதான் எழுதினாள். நீங்க எளைச்சாலும் எனக்கு அதே சம்பளந்தான், ஏறுனாலும் அதே சம்பளந்தான் ஆன்ட்டி என்றாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

இவ்வளவும் எழுதியது என் குட்டை உடைப்பதற்காக மட்டும் இல்லை. போன நாலு ஞாயிறும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், நாலு தரமும் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல் என்றாய். மெனு ரிஜிஸ்தர் எழுதியே வயதானவளிடம் சொல்கிறாய். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? அம்மா மனசு நோகக் கூடாது என்றுதான் சொல்கிறாய், தெரிகிறது. நான் சத்யப்பிரியாவுக்குச் செய்ததைத்தான் நீ எனக்குச் செய்கிறாய். வேலை பாரமா, தனியாக இருப்பது தாங்கவில்லையா, இல்லை ஒருத்திக்கு எதற்குச் சமையல் என்ற சோம்பலா, எதுவானாலும் எனக்குத் தெரியட்டும். நான் தாங்குவேன். என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று இனி நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

நோய் நொடி இல்லாமல், தொட்டதெல்லாம் துலங்கி, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம். கம்பளிச் சட்டையை மறக்காதே. பதிலை நீயும் கையால்தான் எழுத வேண்டும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்பதிலிருந்து ஆரம்பி. ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் ஒன்றும் சாப்பிடவில்லை என்றே எழுது.

உன் பிரியமான அம்மா,
அமிர்தம் சடையப்பன்