சுவரருகே வளர்ந்த எண்

மார்ச் 3

காலையில் மின்விசிறி துடைத்தேன். இத்தனை வேகமாகச் சுற்றும் இறக்கையில் தூசி எப்படித்தான் ஒட்டுகிறது என்று வழக்கம்போல் அலுத்துக்கொண்டேன். விடுமுறைக்கு வந்திருக்கும் மகளும் வழக்கம்போல், "இறக்கையை ஒட்டின காத்து அதோடவே சுத்துதுப்பா. தூசிக்கு அது காத்தே அடிக்காத இடம். என் வேலையே அந்த ஓரத்துலதான்" என்றாள். தலையாட்டினேன். வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் தையல்காரனுக்கு அதைச் சொல்லியா தர வேண்டும்?

சின்ன வயதில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடிக் கம்பிபோல விழும் தண்ணீர் எந்த இடத்தில் கலைகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். வீணாகிறதே என்று கத்துவேன். இப்போது அதற்குத்தான் பல்கலைக்கழகத்தில் சம்பளம். அடுத்த மாதம் நேர்காணல், வேலை நிரந்தரமாகிவிடும். பல வருடம் உழைத்துப் போட்ட கணக்கு நிரூபணம் வெளியாகி, செய்தித்தாளில் படத்தோடு வந்துவிட்டதே! சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். "தண்ணிக் கணக்கா? எங்க வீட்டுக் குழாய் ஒழுகுது, பாப்பாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றார் எதிர்க்கடை மருந்துக்காரர். வயிற்றெரிச்சல்!

மார்ச் 8

கோணல் எழுத்துக்கு இன்று ஒரு காரணமாவது இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட வந்தால் மகள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா, என் நிரூபணத்துல நாற்பதாம் பக்கத்துல தப்பு இருக்கு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானேதான் பார்த்தேன்."

சரிபார்த்த பெரிய மனிதர்கள்? அவர்களுக்கும் தெரியவில்லையாம். அப்ப என்ன கேடு? எவன் கண்ணிலும் படாதது எப்படித் தப்பாகும்?

"ஒரு எண் மாறவே மாறாதுன்னு நம்பி அளந்துக்கிட்டே போனேன். தண்ணி உரசுற சுவர்கிட்ட நெருங்க நெருங்க அது வளருதுப்பா."

"அளவு நாடாவே இழுபட்டு நீளுற மாதிரியா?"

நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாப்பா. அதேதான்."

அவள் கணக்கில் எனக்கு முதன்முதலாகப் புரிந்த இடம், அது இடிந்து விழுந்த இடம். என் ராசி அப்படி.

மார்ச் 9

நேர்காணல் முடியட்டும், வேலை கைக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். "உள்பக்கத் தையலை யாரு பிரிச்சுப் பார்க்கப் போறாங்க, கண்ணு?"

"வெளிநாட்டுல ஒருத்தர் என் கணக்கை நம்பி மேல கட்டிக்கிட்டிருக்காருப்பா."

அவளுடைய அம்மாவாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். "நீங்க சும்மா இருங்க. புள்ளைக்குச் சோறு இறங்கல. உங்களுக்கு உத்தியோகம் கேக்குதா?"

இந்த வீட்டில் நான் யார்?

மார்ச் 11

போட்டுவிட்டாள். இணையத்தில், உலகமே படிக்கிற இடத்தில், தன் பெயரைப் போட்டு — என் நிரூபணம் தவறு, திரும்பப் பெறுகிறேன் என்று. யாராவது செய்வாங்களா இப்படி? தானே போயி?

மார்ச் 12

அந்த வெளிநாட்டுக்காரர் தொலைபேசியில் வந்தார். திட்டினால் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கத் தயாராக நின்றேன், எந்த மொழியில் என்று யோசிக்காமலே.

"என்னம்மா சொன்னாரு?"

"நாற்பதாம் பக்கத்தை எடு, சேர்ந்து பார்ப்போம்னாரு."

இருவரும் மாலைவரை பேசினார்கள். நடுவில் ஒருமுறை சிரித்தாள்கூட. வீடு பற்றி எரிகிறது, இவள் சிரிக்கிறாள்.

ஏப்ரல் 19

வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது.

"உங்க நேர்மையை ரொம்ப மதிக்கிறோம்னு சொன்னாங்கப்பா" என்றாள். மதிப்பை எங்கே போட்டுக்கொள்வது, சட்டைப் பையிலா? கத்த வேண்டும் போலிருந்தது. நல்ல பிள்ளைக்கு இப்படியா? இப்படியா செய்வாங்க?

கடைக்குப் போய்ச் செய்தித்தாள் சட்டத்தைக் கழற்றினேன். சுவரில் அந்தச் சதுரம் மட்டும் வெளுக்காமல் புதிதாக இருந்தது. பிறகு ஒரு மேல்சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டித் தொலைத்தேன். இத்தனை வருடத் தொழிலில் முதல் தடவை.

ஏப்ரல் 20

அந்த மேல்சட்டையின் சொந்தக்காரரிடம் என் தப்பை நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டினார். நன்றாகவே திட்டினார்.

மே 6

மகளுக்கு வேறு ஊரில் தற்காலிக வேலை. பெட்டி அடுக்கிக்கொண்டே பாடுகிறாள். பாடுகிறதற்கு இதில் என்ன இருக்கிறது?

செப்டம்பர் 21

மகள் போனில் பேசினாள். மூச்சிரைக்க. நான் பயந்தே போனேன்.

"அப்பா! அந்த வெளிநாட்டுக்காரரும் நானும் நிரூபணத்தை முடிச்சுட்டோம். சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னா எல்லாம் சரியா வருது!"

"சுவர்கிட்ட?"

"அது இன்னும் தெரியலப்பா. யாருக்குமே தெரியல."

தெரியவில்லை என்பதை லாட்டரி விழுந்ததுபோலச் சொல்கிறாள். போனை அவள் அம்மாவிடம் கொடுத்தேன்.

செப்டம்பர் 23

செய்தித்தாளை மறுபடி மாட்டினேன். அதன் கீழே, அவள் மார்ச்சில் தன் தவறென்று எழுதிப்போட்டதையும் அச்செடுத்து, அதே அளவில் சட்டம் போட்டு மாட்டினேன்.

கால்சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர் இரண்டையும் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "மேல இருக்கறது சரி. கீழ இருக்கறதை எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க?"

"மேல இருக்கறது பேப்பர்காரன் எழுதினதுங்க. கீழ இருக்கறது என் பொண்ணு எழுதினது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, கால்சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.