ஜன்னல் கம்பி கொசுறு இல்லை

பர்ரான்கியா, டிசம்பர் மாதம்

அன்பு மகள் யுரானிஸுக்கு அப்பா எழுதுவது. அங்கே கால்கரிக் குளிரில் உனக்கு ஒரு தும்மல்கூட வராமல் மாதா காப்பாற்ற வேண்டும். இங்கே உன் அம்மா நெல்சி சுகம், நாய் சுகம், என் முழங்கால்கூட சுகம், கோபம் மட்டும்தான் இன்னும் இறங்கவில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், உன் சிரிப்பைக் கேட்டு நானும் சிரித்துவிடுவேன், விஷயம் காற்றில் போய்விடும். அதனால்தான் கடிதம். எழுத்துப் பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைத் திட்டாதே, நான் அங்கே இருந்ததே கொஞ்ச காலம்தான்.

பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டு ஜன்னல் துடைக்கும் தொழில் ஆரம்பித்தபோது, நீ அங்கே ஜன்னல் துடைக்க வருகிற ஆளிடம் விசாரித்து ஒரு விலைப் பட்டியல் அனுப்பினாயே, ஜன்னலுக்கு இவ்வளவு, மாடி என்றால் அதில் பாதி கூடுதல் என்று, அதை நான் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்து, பெரிய முதலாளி மாதிரி தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியலில் ஒன்று இல்லை மகளே. கம்பி இல்லை. உங்கள் ஊர் ஜன்னலில் கம்பியே கிடையாதாமே, திருடர்கள் எல்லாம் குளிருக்குப் பயந்து வீட்டிலேயே இருக்கிறார்களா? இங்கே கம்பி இல்லாத ஜன்னலை நீ பார்த்திருக்கிறாயா? பிறந்ததிலிருந்து கம்பி வழியாகவே உலகத்தைப் பார்த்த உனக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அப்பனும் மகளும் ஒரே அச்சு.

முதல் பெரிய வேலை எல் பிராதோ பகுதியில், எதில்வினா அம்மாள் வீடு. பழைய வீடு, பதினோரு ஜன்னல், ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி, கம்பியில் கொடி, கொடியில் இலை, இலைக்கு நடுவில் பூ. அதைச் செய்த கொல்லன் யாராக இருந்தாலும் அவனுக்கு வேறு வேலை இருந்திருக்காது. நான் கண்ணாடியை மட்டும் எண்ணி, ஜன்னலுக்குப் பதினைந்தாயிரம் பேசோ என்றேன், அந்த அம்மாள் பன்னிரண்டுக்கு இறக்கினாள், சரி என்று ஏணியை வைத்தேன். அந்த அம்மாள் வாசலில் ஆடும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கொரோசோப் பழ ஜூஸ் குடித்துக்கொண்டே, "மேஸ்திரி, அப்படியே அந்தக் கம்பியையும் ஒரு துடைப்பு துடைச்சு விட்டுடுங்க, கொசுறா" என்றாள். கொசுறாம்! கண்ணாடி துடைக்க ஆகிற நேரத்தைப்போல மூன்று மடங்கு அந்தக் கம்பிக்கு வேண்டும், ஒவ்வொரு இலைக்கும் விரலில் துணி சுற்றி நுழைக்க வேண்டும். கம்பிக்குத் தனிக் காசு அம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னேன். "கம்பிக்குக் காசா? முட்டைக்காரன்கூட ஒரு டஜன் வாங்கினா ஒண்ணு சேர்த்துப் போடறான், உங்களுக்குக் கை வரலையா?" என்று அவள் கேட்டாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "முட்டைக்காரன் கொசுறா முட்டையைத்தான்மா போடறான், கோழியைப் போடறதில்ல" என்றேன். அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து எழுந்து தெருவே கேட்கும்படி, "கேட்டீங்களாடி, இந்த ஆளு என்னைக் கோழித் திருடிங்கறான்!" என்று கத்தினாள். நான் அப்படிச் சொன்னேனா, நீயே சொல். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் என்னை அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள், இரண்டு பேரும் அப்போதே கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் வீம்புக்குக் கம்பியைத் தொடாமல், அதன் இடுக்கில் கையை நுழைத்துக் கண்ணாடியை மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டு, கூலிகூட வாங்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏணி வாசல் விளக்கில் இடித்தது, அந்த ஒன்றுதான் என் கம்பீரத்தைக் கெடுத்தது.

இதில் என் நிலைமை உனக்குத் தெரியும். உன் மாமா எயுதெஸ் ஒரு அடுக்குமாடி வீட்டில் எனக்குக் காவல்காரர் வேலை பார்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, விசில், யார் வந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். அந்தத் தெரு கைவிட்டுப் போனால் எனக்கு அந்த நாற்காலிதான் கதி. வீட்டுக்கு வந்து நெல்சியிடம், இத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன், ஒருத்தராவது கொசுறு கேட்டிருப்பார்களா என்று குதித்தேன். அவள் மரவள்ளிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டே, "நிறுத்தமே இல்லாத இடத்துல, வீட்டு வாசல்லயே இறக்கி விடுங்கன்னு கேட்டது என்னவாம்? நீங்களும்தான் பல்லைக் காட்டிக்கிட்டு இறக்கி விட்டீங்க" என்றாள். நான் உடனே பாலாடைக்கட்டி வாங்கும் சாக்கில் கடைக்குக் கிளம்பினேன். கடைக்காரர் வாதித் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் நகராமல் நின்றேன். என்ன வேண்டும் என்றார். "கொசுறு?" என்றேன். வாய் பழக்கம் மகளே, மூளைக்குச் சொல்லாமலே கேட்டுவிட்டது. கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "கொசுறுக்கு எதிரா எல் பிராதோவுல போராட்டம் நடத்தின ஆளுக்கா?" என்றார் வாதித், செய்தி எனக்கு முன்னால் பஸ் பிடித்து வந்திருக்கிறது. ஆனாலும் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே வீடு வந்தேன். கொசுறு என்றால் அந்த அளவு. வாதித் எனக்குப் பாலாடைக்கட்டி முழுவதையும் கொசுறாகக் கொடுத்துவிட்டு, பொட்டலக் காகிதத்துக்கு மட்டும் காசு வாங்கவில்லையே.

மறுநாள் எதில்வினா அம்மாள் ஆள் அனுப்பினாள். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். போய்ப் பார்த்தால் கண்ணாடி எல்லாம் பழையபடி அழுக்கு. முந்தின ராத்திரி காற்றோடு லேசாகத் தூறியது, கம்பியில் இருந்த அழுக்கெல்லாம் நனைந்து கண்ணாடியில் தெறித்து, ஒவ்வொரு ஜன்னலிலும் கொடியும் இலையுமாகச் சேற்றில் வரைந்து வைத்திருந்தது. "இதுக்கா பன்னிரண்டாயிரம்?" என்று கேட்டாள். நியாயம்தான். அழுக்குக் கம்பிக்குப் பின்னால் சுத்தமான கண்ணாடி என்று ஒன்று கிடையாது. கம்பி கொசுறும் இல்லை, தனிக் கணக்கும் இல்லை, கம்பியும் சேர்ந்ததுதான் ஜன்னல். அதனால் சொன்னேன்: நேற்றைய வேலைக்கு ஒரு பேசோ வேண்டாம் அம்மா, அது என் தப்பு. இனிமேல் கம்பியோடு ஜன்னலுக்கு முப்பதாயிரம், அதில் ஒரு பேசோ குறையாது. அவள் வாயைத் திறப்பதற்குள் கூடத்தில் இருந்த மாதா சிலைக் கூண்டின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இதுதான் கொசுறு என்றேன். அவள் மாதாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "பக்கத்துல கடிகாரம் ஒண்ணு இருக்கே?" என்றாள். நான் அசையவில்லை. "சரி, முட்டை எனக்கு, கோழி உங்களுக்கு. ஏறுங்க ஏணியில" என்றாள். இப்போது அந்தத் தெருவே வரச் சொல்கிறது, எயுதெஸிடம் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த அம்மாள், "நான்தான் இந்த மனுஷனுக்கு விலை போடக் கத்துக்கொடுத்தேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள், வயிறு எரிகிறது.

ஆனால் என் கோபம் இறங்காததற்குக் காரணம் அவள் இல்லை, நீ. நீ அங்கே ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளத்தானே போனாய்? போன மாதம் பேசும்போது, ஞாயிற்றுக்கிழமை அவர் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் நீயே சமைக்கிறாய் என்றும், அப்படியே துணியும் துவைத்துப் போடுகிறாய் என்றும், "சும்மா ஒரு உதவிதானேப்பா, நல்ல மனுஷங்க" என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்றைக்கு நானும் சிரித்தேன். எதில்வினா வீட்டுக் கம்பியில் விரலை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த நல்ல மனுஷர்கள் உன்னிடம் கேட்பது முட்டை இல்லை மகளே. நான் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லி ஒரு தெருவை இழக்கப் பார்த்தேன், நீ ஒரு வார்த்தையும் சொல்லாமல் உன் ஞாயிற்றுக்கிழமைகளை இழக்கிறாய். சண்டை போடாதே, ஏணியைத் தூக்கிக்கொண்டு வராதே, அப்பா மாதிரி வாசல் விளக்கில் இடிக்காதே. உட்கார்ந்து மரியாதையாகப் புது விலை சொல். கிழவருக்கு ராத்திரி ஒரு கதை படித்துக் காட்டுவதைக் கொசுறாகக் கொடு, அது உனக்குப் பிடிக்கும், அவருக்கும் பிடிக்கும்.

அம்மா முத்தம் தரச் சொன்னாள். மாதா உன் கூடவே இருக்கட்டும், காதை மூடாமல் வெளியே போகாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ எந்த அடுப்பின் பக்கத்திலும் நிற்கவில்லை என்று போன் பண்ணிச் சொல், மத்தியானம் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு உன் அப்பா,
அரிஸ்டிடெஸ் சாரிஸ்
ஜன்னல் சுத்தம், கம்பி உட்பட