எல்லையில் நின்ற பாலேடு

13 ஜனவரி 1996, சனி
ரீகா சந்தையின் பால் கூடத்தில் இன்று நல்ல விற்பனை. அத்தை லிதுவேனியாவிலிருந்து எல்லை தாண்டிக் காலைப் பேருந்தில் நாலு கேன் பாலேடு கொண்டுவந்தாள். வாங்குகிறவர்கள் புறங்கையை நீட்ட, நான் ஒரு சொட்டு வைக்க, நக்கிப் பார்த்துவிட்டு வாங்கினார்கள். சொட்டு நின்றால் சுத்தம், வழிந்தால் கலப்படம். இங்கே அதுதான் சட்டம்.

பக்கத்துக் கடை ஔஸ்ட்ரா அக்கா அத்தையை வம்புக்கு இழுத்தாள்: "ஸ்தாஸே, உன் மாடு வெண்ணெயத் தின்னுட்டுதான் கறக்குதாடி?"
"ஆமா, உன் மாட்டுக்குப் போட்டு மிச்சமானத அதுக்குப் போடுறேன்!"

அப்பா இறந்து இரண்டு வருடம். அத்தை சிரிக்கும்போது அப்பாவின் முகம்.

20 ஜனவரி, சனி
நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மைனஸ் இருபத்திரண்டு டிகிரி குளிர். அத்தை மதியம்தான் வந்தாள். "எல்லையில சீட்டுல முத்திரை போடுற மாட்டு டாக்டர் வரல அண்ணி. நாலு மணி நேரம் கேனோட பனியில நிறுத்திட்டாங்க" என்றாள். வரிசையில் ஆள் நின்றதால் அம்மா, "சரி, சரி, வை" என்றாள். கேன்களைக் கணப்புப் பக்கம் தள்ளிவிட்டு, திரும்பும் பேருந்துக்கு அத்தை ஓடிவிட்டாள்.

மூன்று மணிக்கு ஒரு பெரியவர் கையில் சொட்டு வைத்தேன். வழிந்தது. மணல் மாதிரித் திரிதிரியாக. கரண்டியை அடிவரை விட்டேன். கீழே தண்ணீர். என் வாய் சும்மா இருந்ததா? "அம்மா, தண்ணி கலந்திருக்கு!" கூடம் முழுக்கக் கேட்டது.

வரிசை கலைந்தது. ஔஸ்ட்ரா அக்கா சத்தமாக, "லிதுவேனியாவுல மாடு ஆத்துக்குள்ளயே மேயுது போல!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கேனை மூடினாள்.

21 ஜனவரி, ஞாயிறு
அம்மாவுக்கு லிதுவேனிய மொழி பேசத்தான் வரும். எழுத அப்பா எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். அதனால் கடிதம் நான் எழுதினேன். அம்மா சொன்னது, "இனிமே கொண்டுவர வேணாம்னு எழுது" என்பது மட்டும். 'நம்பிக்கைத் துரோகம்' என்பது நான் சேர்த்தது. ஒரு நாவலில் படித்த சொல். எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.

27 ஜனவரி, சனி
அத்தை வரவில்லை.

3 பிப்ரவரி, சனி
அம்மா ஆலைப் பாலேடு வாங்கி விற்கிறாள். புறங்கையை யாரும் நீட்டுவதில்லை.

8 பிப்ரவரி, வியாழன்
கஞ்சிக்கு வைத்திருந்த பாலேட்டைச் சன்னலுக்கு வெளியே பையில் தொங்கவிட்டிருந்தோம். ஔஸ்ட்ரா அக்கா கடையில் வாங்கியது. கல்லாக உறைந்திருந்தது. உருக வைத்தேன்.

திரிதிரியாக மேலே. கீழே தண்ணீர்.

அதே தண்ணீர். யாரும் கலக்காத தண்ணீர்.

அம்மாவிடம் காட்டினேன். சமையலறை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பனியில நின்னேன்னு சொன்னாளே... சொன்னாளேடி மார்ட்டா. நான் காதுல வாங்கலயே." அப்பா போன பிறகுதான் அம்மா கடைக்கு வந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் நான் — எல்லாம் படித்தவள் — ஏன் கேட்கவில்லை?

மன்னிப்புக் கேட்டு உடனே எழுதினேன். தபால் நிலையம் மூடுவதற்குள் ஓடிப்போய்ப் போட்டேன்.

10 பிப்ரவரி, சனி
ஔஸ்ட்ரா அக்காவிடம் சொன்னேன். அவள் தராசைத் துடைத்துக்கொண்டே, "உறைஞ்சு உருகினா அப்படித்தான் ஆகும். இது தெரியாதா?" என்றாள்.
"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"
"நீதான் படிச்ச பொண்ணாச்சே. அவ்வளவு உறுதியா கத்துன. வேற ஏதோ கண்டுபிடிச்சிட்டன்னு நினைச்சேன்."

19 பிப்ரவரி, திங்கள்
அத்தையின் கடிதம். முழுவதும் இங்கே எழுத முடியவில்லை.

"உன் ரெண்டாவது கடிதம் வந்தப்போ காலிக் கொட்டிலைக் கழுவிக்கிட்டு இருந்தேன், கண்ணு. மாடுங்கள செவ்வாய்க்கிழமையே வித்தாச்சு. ரீகாவ விட்டா எனக்கு யாரு வாங்குவா? தப்பு என்னோடதுதான். கோட்டைக் கழற்றிக் கேன் மேல போர்த்தினேன், போதும்னு நினைச்சேன். அடுத்த வாரம் பின்னலாடை ஆலையில வேலைக்குப் போறேன். அண்ணிய அழ வேணாம்னு சொல்லு."

கீழே, வேறு மையில்:

"முதல் கடிதத்த எரிக்கத்தான் அடுப்பத் திறந்தேன். உன் கையெழுத்து அப்படியே அண்ணன் எழுத்து. அவனே திட்டி எழுதின மாதிரி இருந்துச்சு. அவன் எழுத்த எப்படி எரிப்பேன்? பெட்டியில வச்சிருக்கேன்."

24 பிப்ரவரி, சனி
சந்தைக்குப் போகவில்லை. 'அன்புள்ள அத்தைக்கு' என்று எழுதினேன். அந்த முதல் எழுத்தே அப்பாவின் கையெழுத்து. கிழித்தேன். மறுபடி எழுதினேன். கிழித்தேன்.

26 பிப்ரவரி, திங்கள்
பள்ளி நூலகத்தில் கேட்டு, தட்டச்சுப் பொறியில் அடித்தேன். ஒரு பக்கம்தான். அடியில் பெயரை மட்டும் பேனாவால் எழுத வேண்டியிருந்தது. மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகும் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.