அவன் குரல் மட்டும் பதியவில்லை

8.6.2009, திங்கள்

கத்திரி முடிந்தும் வெயில் விடவில்லை. காலையிலேயே செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து நாற்றம். இன்றைய வேலை: கேஸ் புக்கிங். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. அவன் பேசுவதைப் பதிவு செய்வது.

ஊருக்கு முன்னால் 'அவர்'. இந்த நோட்டில் அவன்தான். தாலி கட்டி இரண்டு வருஷம், இன்னும் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ளவில்லை. தினம் காலை ஏழு மணிக்கு வீடியோ சாட். அப்பா பக்கத்தில் இருந்தால் "மாமா, சுகர் எப்படி இருக்கு?" தேன் ஒழுகும். பிறகு என்னை அறைக்குள் போகச் சொல்வான், கேமராவைச் சுற்றிக் காட்டச் சொல்வான், ஹெட்செட் மாட்டச் சொல்வான். அப்புறம்தான் நிஜ வாய் திறக்கும். "உன்னைக் கூப்பிட்டுக்கிற ஐடியாவே இல்ல. நீயே வரமாட்டேன்னு உங்கப்பாகிட்ட சொல்லித் தொலை."

அப்பாவிடம் சொன்னேன். "மாப்பிள்ளையா அப்படிப் பேசுவார்? நீதான் எதுக்கெடுத்தாலும் முறுக்கிக்கிற." அதனால்தான் பதிவு. அவன் வாயாலேயே கேட்கட்டும்.

முதல் முயற்சி தண்டம். லேப்டாப் ரெக்கார்டரை ஓட விட்டுப் பேசினேன். போட்டுப் பார்த்தால் என் குரல் மட்டும். "ம்." "சரிங்க." "ம்." அவன் திட்டியது ஹெட்செட்டோடு நின்றுவிட்டது, ஒரு எழுத்துகூட இல்லை. இருபது நிமிஷமும் பூம்பூம் மாடு மாதிரி நான் மட்டும். தூ.

9.6, செவ்வாய்

நெட்டில் தேடினேன். லேப்டாப்பில் வரும் சத்தத்தை லேப்டாப்பே பதிய, 'ஸ்டீரியோ மிக்ஸ்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். என்னுடையதில் 'மைக்' மட்டும்தான். அவன் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப். கொடுத்தவன் லட்சணம்தான் பொருளுக்கும்.

மாலை மேற்குத் தாம்பரம். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடை. நெட்டில் வரும் சத்தத்தைப் பதிய வேண்டும் என்றேன். கடைக்காரர் பான்பராக் வாயோடு நிமிர்ந்தார்.

"இன்னா மேடம், நெட்ல பாட்டு புடிக்கணுமா?"

"ஆமா."

"இதுல அந்த ஆப்ஷனே வராது மேடம். வுடு, ஒயரு தர்றேன். ரெண்டு பக்கமும் பின்னு கீது பாரு. ஹெட்போன் ஓட்டைல ஒண்ணு, மைக் ஓட்டைல ஒண்ணு. வெளிய போற சத்தம் அப்டியே உள்ள வந்துகினு இருக்கும்."

நானும் கேட்க வேண்டுமே என்றேன். இரட்டை ஓட்டை உள்ள பின்னு ஒன்றும் கொடுத்தார். ஒன்றில் ஒயர், ஒன்றில் ஹெட்போன். "இன்னா பாட்டு மேடம், புதுசா?" கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். கட்டினவன் வாயைப் பதிய பாட்டு என்று புளுகுகிற பிழைப்பு. அருவருப்பாக இருந்தது.

11.6, வியாழன்

ஒயர் மாட்டியாயிற்று. மைக் ஓட்டை அடைபட்டுவிட்டதால் என் குரல் போகாது. 'மைக் ரிப்பேர், டைப் பண்றேன்' என்று அடித்தேன். இன்னொன்றும் நடந்தது, நான் யோசிக்காதது. அவன் பேசியதெல்லாம் ஒயர் வழியே அவனுக்கே திரும்பப் போனது.

"ஏய், நான் பேசறது எனக்கே வருது! என்ன பண்ணித் தொலைச்ச?"

'நெட் ஸ்லோ' என்று அடித்தேன். "மூதேவி, ஒரு கம்ப்யூட்டர் வச்சுக்கத் துப்பிருக்கா உனக்கு?" அரை நொடியில் அதுவும் அவன் காதுக்கே போயிருக்கும். முகம் சுளித்தான். தன் பேச்சைத் தன் காதால் ஏழு நிமிஷம்கூட அவனால் தாங்க முடியவில்லை. நான் இரண்டு வருஷம்.

கட் பண்ணினான். எல்லாம் பதிந்திருக்கிறது, தெளிவாக. மாமியார்கூட அடையாளம் சொல்லிவிடுவார்.

14.6, ஞாயிறு

வஞ்சிரக் குழம்பு. அம்மா அனகாபுத்தூரில், அக்கா வீட்டில். அப்பா சாப்பிட்டுக் கை கழுவும் வரை காத்திருந்தேன். ஹாலில் லேப்டாப்பை வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். 'மூதேவி' வந்தபோது அப்பா வாய் திறந்தார்.

"சத்தத்தைக் கொறைம்மா. மாடி வீட்ல ஆள் இருக்காங்க."

முகத்தில் ஆச்சரியமே இல்லை. கோபமும் இல்லை.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலியாப்பா?"

துண்டை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். "போன மாசமே என்கிட்ட போன்ல சொல்லிட்டார்."

"என்னன்னு?"

"நீ வேணாம்னு. அவர் வேணாம்னு சொன்னதா வெளிய தெரிஞ்சா நமக்குத்தானே அசிங்கம்? நீ போகலைன்னு இருந்தா கொஞ்சம் மரியாதை. அதான், நீயே சொல்லட்டும்னு பார்த்தேன்."

அங்கே அவனும் இங்கே இவரும், என் வாயிலிருந்து 'வரமாட்டேன்' என்ற ஒரே வார்த்தைக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இவர் என்னை நம்பவில்லை என்று நான் ஒயர் தேடி அலைந்திருக்கிறேன். மீன் வாசனைகூடப் பிடிக்கவில்லை.

முதலிலிருந்து மறுபடி போட்டேன். சத்தத்தை நூறில் வைத்தேன்.

அப்பா எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார்.