நறுக்காமல் சமைத்த கீரை

ஏங்க, இந்தச் சீட்டை எழுதி வைத்துவிட்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். மதியம் உங்கள் அண்ணன் வந்தால் நீங்களே பரிமாறிவிடுங்கள்.

மொட்டைமாடிக் கத்தரிச் செடியில் கை வைக்காதீர்கள். நேற்று எனக்குத் தெரியாமல் பூச்சிமருந்து அடித்திருக்கிறீர்கள். சின்ன வயதில் கூலிக்கு மருந்தடித்து வயலிலேயே மயங்கி விழுந்தவளுக்கா அந்த வாடை தெரியாது? காயை எல்லாம் பறித்துக் குப்பையில் போட்டாயிற்று. மிச்ச மருந்து பரணில் பூட்டியிருக்கிறது, சாவி என் இடுப்பில்.

போன தடவை அண்ணன், "என்னம்மா, பூச்சி தின்ன மிச்சத்தையா எங்களுக்குப் போடுறே?" என்று சிரித்தார். அந்த வெட்கத்தில்தான் அடித்தீர்கள். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த கீரை உங்கள் கண்ணில் படாமல் தப்பியது. அதைத்தான் சமைத்து வைத்திருக்கிறேன். இலையை நறுக்கவில்லை, புழு தின்ற ஓட்டை நன்றாகத் தெரியட்டும்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மருந்து நகக்கண்ணில் நிற்கும். உங்கள் மேல் கோபம்தான், அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா?

ஓரத்தில் இன்னொன்று: அண்ணன் மறுபடி சிரித்தால் தலையைக் குனியாதீர்கள். "இதைத் தின்ன புழு நல்லாத்தாண்ணே இருக்கு, நீங்களும் தைரியமா சாப்பிடுங்க" என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.