சிரிப்புச் சத்தம்

என்னங்க, சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடுங்கள். குழாய் ரிப்பேர் பண்ணுகிறவர் காலையில் வருவார். எனக்குப் பகல் டியூட்டி, வார்டில் ஆள் இல்லை.

நேற்று ஏன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனேன் என்று கேட்டீர்களே, இதுதான். நீங்கள் எடிட் பண்ணும் காமெடி சீரியலில் அப்பா இப்போதெல்லாம் சமைக்கிறார். ஒரு தட்டைக் கழுவினால் போதும், கைதட்டல் சேர்க்கிறீர்கள். "காலம் மாறிடுச்சு பாத்தியா"ன்னு என்னிடமே பெருமை வேறு. ஆனால் அந்த அம்மா வேலை முடிந்து வந்து, "நான் சாப்பிட்டேனான்னு யாராவது கேட்டீங்களா?" என்றால் மட்டும் வாராவாரம் அதே சிரிப்புச் சத்தத்தைச் சேர்க்கிறீர்கள்.

நேற்று நானும் அதையே கேட்டேன். நீங்கள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நம் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாவி செருப்பு அலமாரியில்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அவளைத் திட்டிவிடாதீர்கள். ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று நீங்கள்தானே வாராவாரம் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.